சென்சாருக்கு முழு மார்க், டிஸ்பிளேவுக்கு பாஸ் மார்க்: வீட்டு டைனோவுக்கு வாங்கிய ஆர்பிஎம் கிட்

சென்னை ரிச்சி தெருவில் பத்துக் கடை ஏறி இறங்க வேண்டிய அவசியமே இல்லாமல் கிடைக்கிற சாமான் இது. காந்தம் கிட்டே வந்தால் உணர்கிற என்ஜேகே-5002சி என்ற ஹால் சென்சார் ஒன்று, நான்கு இலக்க சிவப்பு எல்இடி டிஸ்பிளே ஒன்று, குட்டிக் காந்தம் ஒன்று. ஆன்லைனிலும் இதே செட் வெவ்வேறு பெயர் ஒட்டி விற்கிறது, உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். லேத் ஸ்பிண்டிலுக்கோ ட்ரில்லிங் மெஷினுக்கோ வாங்குகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம், அவர்கள் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம். நான் வாங்கியது வேறு வேலைக்கு, பட்டறையில் நாங்களே கட்டிய எஞ்சின் டைனோவில் (எஞ்சினின் பவரை அளக்கிற சாதனம்) ஷாஃப்ட் வேகம் அளக்க. அந்த வேலைக்கு இந்த கிட்டில் பாதி பொருள் பிரமாதம், மீதிப் பாதி சுமார்.

முதலில் எங்கள் டைனோ என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. ஒரு 100 சிசி பைக் எஞ்சின், கியர்பாக்ஸோடு அப்படியே ஃபிரேமில் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து செயின் போட்டு பிரேக் ஷாஃப்டைச் சுற்றுகிறோம். பிரேக் என்பது டிராக்டரில் வருகிற ஹைட்ராலிக் கியர் பம்ப். வெளியே வரும் எண்ணெயை ஒரு நீடில் வால்வை வைத்து நெருக்கினால் லோடு ஏறும், எஞ்சின் முக்கும். பம்பின் உடம்பை பேரிங்கில் தொங்கவிட்டு, அதில் ஒரு கையை வெல்டு பண்ணியிருக்கிறோம், கையின் நுனி லோடு செல்லை, அதாவது அழுத்துகிற விசையை அளக்கும் சென்சாரை, அழுத்தும். டாப் கியரில் கிராங்க் 7,500 சுற்றும்போது பிரேக் ஷாஃப்ட் 2,000 பக்கத்தில் சுற்றும்.

டார்க்கை (ஷாஃப்டைச் சுழற்றுகிற முறுக்கு விசை) நியூட்டன் மீட்டரிலும் வேகத்தை ஆர்பிஎம்மிலும் (நிமிஷத்துக்கு எத்தனை சுற்று) எடுத்து, இரண்டையும் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட். 26 நியூட்டன் மீட்டர், 2,000 ஆர்பிஎம் என்றால் 5.4 கிலோவாட் சொச்சம். எல்லோரும் லோடு செல்லுக்குத்தான் மெனக்கெடுகிறார்கள், எடைக்கல் வைத்து கேலிபரேட் பண்ணுகிறார்கள், கையின் நீளத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கிறார்கள். ஆர்பிஎம்முக்கு மட்டும் ‘அது டிஜிட்டல்தானே, சரியாத்தான் காட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். கணக்கு இரண்டையும் பெருக்குகிறது, வேகத்தில் 3 சதவீதம் போனால் பவரிலும் அதே 3 சதவீதம் போகும். கார்பரேட்டர் ஜெட் மாற்றினால் கிடைக்கிற வித்தியாசமே சில சமயம் அதற்குள் அடங்கிவிடும். அப்புறம் எதற்கு டைனோ?

இன்னொன்று, எங்கே டார்க் எடுக்கிறோமோ அதே ஷாஃப்டில்தான் வேகமும் எடுக்க வேண்டும். பிளக் வயரில் கிளிப் மாட்டுகிற டேகோ (சுற்று வேகம் காட்டும் மீட்டர்) இருக்கிறதே, வசதிதான், மாட்டினால் போதும். ஆனால் அது காட்டுவது கிராங்க் வேகம். டார்க் இருப்பது பிரேக் ஷாஃப்டில். நடுவில் பிரைமரி கியர், கிளட்ச், கியர்பாக்ஸ், செயின். செயின் வழுக்காது, கிளட்ச் வழுக்கும், பெல்ட் போட்டிருந்தால் பெல்ட்டும் வழுக்கும். வழுக்குவதெல்லாம் இல்லாத பவராக ஏறி உட்கார்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு, நம்மூர் பைக் நிறையவற்றில் எப்போது ஸ்பார்க் அடிக்க வேண்டும் என்று சொல்கிற பிக்கப் காயில் கிராங்க்கிலேயே இருப்பதால் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினானாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஸ்பார்க் அடிக்கும். மீட்டரில் அதற்கான செட்டிங்கை மாற்றாவிட்டால் இரட்டிப்பாகக் காட்டும். கிளிப் டேகோவையும் வைத்துக்கொள்ளுங்கள், பிரேக் ஷாஃப்ட் வேகத்தோடு ஒப்பிட்டால் கிளட்ச் எப்போது வழுக்க ஆரம்பிக்கிறது என்று நன்றாகத் தெரியும். பவர் கணக்குக்கு மட்டும் அதை எடுக்காதீர்கள்.

சரி, சென்சார். எம்12 மரை போட்ட உடம்பு, இரண்டு நட்டோடு வருகிறது. பிராக்கெட்டில் ஒரு 12 மிமீ ஓட்டை போதும், முன்னே பின்னே நகர்த்தி இறுக்கிக்கொள்ளலாம். பின்பக்கம் ஒரு சிவப்பு எல்இடி உண்டு, காந்தம் கடக்கும்போது எரியும், கையால் ஷாஃப்டைச் சுற்றியே எல்லாம் சரியா என்று பார்த்துவிடலாம். இந்த விலைக்கு இந்த எல்இடி ஒன்றுக்காகவே நான் கை தட்டுவேன். மூன்று வயர்: பிரவுன் பிளஸ், நீலம் மைனஸ், கருப்பு சிக்னல். தூரம் 10 மிமீ என்று போட்டிருக்கிறது, செட்டோடு வருகிற காந்தத்துக்கு அவ்வளவு எட்டவில்லை. 4, 5 மிமீ-க்குள் வைத்தால் நிம்மதி. எண்ணெய் தெறித்தாலும் தூசி படிந்தாலும் இது கண்டுகொள்வதில்லை. எங்கள் பம்ப் ஓஸ் ஜாயின்ட்டில் எப்போதும் ஒரு கசிவு இருக்கும், சென்சாரின் மூக்கு நாள் முழுக்க ஹைட்ராலிக் எண்ணெயில் குளித்தபடி இருக்கும். ஒரு பல்ஸ் கூடத் தவறியதில்லை.

காந்தத்துக்கு முகம் உண்டு. இந்த சென்சார் ஒரு துருவத்துக்கு மட்டும்தான் பதில் சொல்லும், மறுபக்கத்தைக் காட்டினால் சும்மா இருக்கும். ஒட்டுவதற்கு முன் கையில் பிடித்து சென்சாருக்கு நேரே காட்டி, எல்இடி எரிகிற முகத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். இதையே நாம் லாபமாகவும் ஆக்கிக்கொள்ளலாம். டிஸ்கில் ஒரே காந்தம் இருந்தால் பேலன்ஸ் கெடுகிறது என்று தோன்றினால், நேர் எதிரே இன்னொரு காந்தத்தைத் திருப்பி ஒட்டுங்கள். எடை சமமாகிவிடும், சென்சார் அதைக் கணக்கில் எடுக்காது.

ஒட்டுவதில் அலட்சியம் வேண்டாம். 60 மிமீ ஆரத்தில் ஒட்டிய ஒரு கிராம் காந்தம், 2,000 ஆர்பிஎம்மில் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வெளியே இழுக்கும், நல்ல எபாக்ஸி தாங்கும். இதே காந்தத்தை கிராங்க்கில் 50 மிமீ ஆரத்தில் ஒட்டி 8,000 சுற்றினால் இழுப்பு மூன்றரைக் கிலோ. பிய்த்துக்கொண்டு வந்தால் எங்கே போகும் என்று தெரியாது, பக்கத்தில் நிற்பவர் கண் உயரத்தில் போனாலும் போகும். அதனால் விளிம்பின் மேல் ஒட்டாமல், டிஸ்கின் முகத்தில் குழி போட்டு அதற்குள் உட்கார வைத்து எபாக்ஸி ஊற்றுங்கள். குழியின் வெளிச்சுவரே காந்தத்தைப் பிடித்துக்கொள்ளும். டிஸ்க் அலுமினியமாக இருக்கட்டும், இரும்பில் புதைத்தால் காந்தப்புலம் பாதி அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். சூடாகிற இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் தெம்பை இழக்க ஆரம்பிக்கும். டிஸ்க் பிரேக்கோ எடி கரன்ட் பிரேக்கோ வைத்து டைனோ கட்டுகிறவர்கள் அந்தத் தட்டிலேயே காந்தத்தை ஒட்டினால் முதல் நாள் ஓடும், அடுத்த வாரம் ஓடாது. அப்புறம், பட்டறையில் கிரைண்டிங் நடந்தால் இரும்புத் தூள் எல்லாம் காந்தத்தில் வந்து தாடி மாதிரி தொங்கும், அவ்வப்போது ஒரு டேப்பை வைத்து ஒற்றி எடுங்கள்.

இனி டிஸ்பிளே. எண் பெரிது, தூரத்திலிருந்தே தெரிகிறது, 8 முதல் 24 வோல்ட் வரை வேலை செய்கிறது, பைக் பேட்டரியிலேயே ஓடும். நிலையாகச் சுற்றும்போது காட்டுகிற எண்ணும் சரியானதே. பிரச்சினை வேகம் மாறும்போதுதான். எண் நொடிக்கு ஒரு தடவை, சில சமயம் அதற்கும் தாமதமாகத்தான் மாறுகிறது. டைனோவில் ஸ்வீப் எடுக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுசாகத் திறந்து, வால்வை மெதுவாக விட்டுக்கொடுத்து, கீழிருந்து மேலே சில நொடிகளில் ஏற்றிவிடுவோம். அந்த நேரத்துக்குள் இந்த டிஸ்பிளே மொத்தமே விரல் விட்டு எண்ணக்கூடிய எண்களைத்தான் காட்டும். லோடு செல்லின் எச்எக்ஸ்711 போர்டு நொடிக்கு 10 ரீடிங், வேகமான செட்டிங்கில் 80 தருகிறது. டார்க் இந்த நிமிஷத்தில் இருக்கிறது, ஆர்பிஎம் ஒரு நொடி பின்னால் வருகிறது. ஏறிக்கொண்டிருக்கும் எஞ்சினில் பழைய ஆர்பிஎம் என்றால் குறைந்த ஆர்பிஎம், அதாவது பவர் குறைவாகத் தெரியும். எஞ்சினை ஆஃப் பண்ணினால் கடைசியாகக் காட்டிய எண்ணிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திடீரென்று பூஜ்யத்துக்கு விழுகிறது. வேறு இடத்துக்கு அனுப்ப டேட்டா அவுட்டும் கிடையாது, வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

காலேஜ் தெர்மல் லேபில் ரோப் பிரேக் போட்ட டீசல் எஞ்சினை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அங்கே கவர்னர் 1,500-லேயே பிடித்து வைத்திருக்கும், நின்று நிதானமாக ஷாஃப்ட் நுனியில் கை டேகோவை அழுத்தி எழுதிக்கொள்ளலாம். அந்த மாதிரி டெஸ்ட்டுக்கு இந்த டிஸ்பிளே தாராளம். வேகம் மாறிக்கொண்டே இருக்கும் டெஸ்ட்டுக்குத்தான் இது ஆகாது.

அதனால் நாங்கள் செய்தது, டிஸ்பிளேவைக் கண்ணுக்காக ஒரு ஓரத்தில் ஓடவிட்டு, சென்சாரின் சிக்னலை ஒரு ஆர்டுயினோவுக்கு (நாமே புரோகிராம் எழுதிப் போடுகிற குட்டி கன்ட்ரோலர் போர்டு) கொடுத்தது. அதில் பல்ஸை எண்ணக் கூடாது, இரண்டு பல்ஸுக்கு நடுவே உள்ள நேரத்தை அளக்க வேண்டும். சுற்றுக்கு ஒரு காந்தம், 2,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 33 பல்ஸ். ஒரு நொடி எண்ணினால் ஒரு பல்ஸ் கூடக் குறைய வரும், அந்த ஒரு பல்ஸின் மதிப்பு 60 ஆர்பிஎம், நான் முதலில் சொன்ன 3 சதவீதம். நேரத்தை அளந்தால் ஒரு சுற்றுக்கு 30,000 மைக்ரோ செகண்டு. ஆர்டுயினோ உனோ 4 மைக்ரோ செகண்டு படியில் அளக்கும், பிழை ஒன்றுமில்லை என்றே சொல்லலாம், ரீடிங்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று வருகிறது. நொடிக்கு 33 ரீடிங் நமக்குப் போதும்.

சென்சாரை நேராக ஆர்டுயினோவில் குத்துவதற்கு முன் ஒரு நிமிஷம். என்பிஎன் ஓப்பன் கலெக்டர், அதாவது சிக்னல் வயர் தானாக வோல்ட் கொடுக்காது, மைனஸுக்கு மட்டும் இழுக்கும் என்று போட்டிருந்தாலும், இந்த மாடலில் சிலவற்றின் உள்ளேயே சப்ளைக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது, 12 வோல்ட் கொடுத்தால் கருப்பு வயரிலும் 12 வோல்ட் பக்கம் நிற்கும், ஆர்டுயினோ அதைத் தாங்காது. காந்தம் இல்லாமல் கருப்புக்கும் நீலத்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் நடுவில் ஒரு பிசி817 ஆப்டோகப்ளர் (வயர் தொடர்பு இல்லாமல் ஒளி வழியாக சிக்னலைக் கடத்துகிற சிப்) போட்டுவிடுங்கள், சில ரூபாய் சாமான், எஞ்சின் பக்கத்துக் குப்பை எதுவும் கம்ப்யூட்டர் பக்கம் வராது.

குப்பை என்று சொன்னது ஸ்பார்க் நாய்ஸை. பெட்ரோல் எஞ்சினில் டேகோ போட்ட எல்லோருக்கும் இந்தத் தலைவலி தெரியும்: ஐடிலில் ஒழுங்காக இருக்கும், லோடு ஏறியதும் எண் திடீரென்று 7,000-க்குக் குதிக்கும், திரும்ப வரும். பிளக் வயரில் போகிற ஆயிரக்கணக்கான வோல்ட் பக்கத்து வயரில் எல்லாம் எட்டிப் பார்க்கிறது. கிட்டோடு வருகிற வயரில் ஷீல்டு கிடையாது. நீட்ட வேண்டியிருந்தால் ஷீல்டு வயரில் நீட்டி, ஷீல்டை ஒரே ஒரு முனையில் கிரவுண்டு பண்ணுங்கள், பிளக் வயரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிக் கொண்டுபோக முடியுமோ கொண்டுபோங்கள், ரெசிஸ்டர் உள்ள பிளக் போடுங்கள். கடைசியாக புரோகிராமில் ஒரு வரி: 10 மில்லி செகண்டுக்குள் வருகிற அடுத்த பல்ஸைத் தள்ளிவிடு. பிரேக் ஷாஃப்டில் 10 மில்லி செகண்டு என்றால் 6,000 ஆர்பிஎம், அந்த ஷாஃப்ட் எந்த ஜென்மத்திலும் அங்கே போகாது. டிஸ்பிளேவுக்குள் இந்த மாதிரி ஒரு வரி எழுத நமக்கு வழியில்லை.

ஒவ்வொரு சுற்றுக்கும் ரீடிங் வர ஆரம்பித்ததும் எண் ஆடுவதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் எரிக்கிறது. எரிந்த சுற்று வேகம், அடுத்த சுற்று மெதுவு, நிஜமாகவே அப்படித்தான் ஓடுகிறது. கிராங்க்கில் அளப்பவர்கள் இரண்டிரண்டு சுற்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அடங்கிவிடும். மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் எடுத்தால் ஆட்டம் மிச்சம் இருக்கும். எங்கள் பிரேக் ஷாஃப்டின் ஒரு சுற்றுக்குள் கிராங்க் கிட்டத்தட்ட நான்கு சுற்று போய்விடுவதால் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடுகிறது, செயின் உதறல் மட்டும் லேசாகத் தெரியும்.

காட்டுகிற எண் உண்மையா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், கரண்ட் கம்பெனி இலவசமாகவே ஒரு கடிகாரம் தருகிறது. ஒரு சின்ன 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் பக்கத்தை ரெசிஸ்டர், டயோடு வழியாக ஆப்டோகப்ளருக்குக் கொடுத்தால் நொடிக்கு 50 பல்ஸ், ஆர்பிஎம்மில் 3,000. நம் நாட்டு கிரிட் 49.90-லிருந்து 50.05 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி, அதாவது 2,994-லிருந்து 3,003 வரை காட்டினால் சரி. எங்கள் டிஸ்பிளே இந்தப் பரீட்சையில் தேறியது, அதற்குத்தான் பாஸ் மார்க். ஆர்டுயினோவையும் இதே பரீட்சைக்கு உட்கார வையுங்கள், உனோவில் இருப்பது செராமிக் ரெசனேட்டர், அரை சதவீதம் வரை விலக வாய்ப்பு உண்டு, விலகல் தெரிந்தால் புரோகிராமில் ஒரு எண்ணைப் பெருக்கிச் சரிபண்ணிவிடலாம். பழைய சோக் வைத்த டியூப்லைட் பட்டறையில் இருந்தால் இன்னும் வேடிக்கை. அது நொடிக்கு 100 தடவை மினுங்கும், டிஸ்கில் சரிசமமாக நான்கு வெள்ளைக் கோடு போட்டால் 1,500 ஆர்பிஎம்மில் கோடுகள் அப்படியே நின்றுவிடும்.

மாற்று என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு. கையில் பிடிக்கிற போட்டோ டேகோ, டிடி-2234சி வகை, ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி அளப்பது. அட்டையில் 0.05 சதவீதத் துல்லியம் போட்டிருக்கும், நிலையான வேகத்துக்கு நன்றாகவே காட்டும். ஆனால் ஒரு ரீடிங்குக்கு 0.8 நொடி எடுத்துக்கொள்ளும், ஸ்வீப்புக்கு இதுவும் ஆகாது. பளபள ஷாஃப்டில் ஸ்டிக்கரைத் தவிர மற்ற இடமும் மின்னி இரட்டையாக எண்ணும், மேட் கருப்பு பெயிண்ட் அடித்துவிட்டு ஒட்ட வேண்டும். முழு லோடில் கத்திக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்கவும் எனக்கு விருப்பமில்லை. இன்னொன்று உலோகம் கிட்டே வந்தாலே உணர்கிற இண்டக்டிவ் பிராக்சிமிட்டி சென்சார், எல்ஜே12ஏ3 வகை. காந்தமே வேண்டாம், கப்ளிங் போல்ட்டின் தலையைக் காட்டினால் போதும், பிய்த்துக்கொண்டு பறக்க எதுவும் இல்லை. கேப் 4 மிமீ என்பார்கள், அதற்கும் கீழேதான் வைக்க வேண்டும், ஷாஃப்ட் ஆடினால் இடிக்கும். நொடிக்கு 500 பல்ஸ் என்ற எல்லையும் உண்டு. 60 பல் வீல் போட்டால் ஹெர்ட்ஸ்தான் ஆர்பிஎம் என்று ஆசைப்பட்டு மாட்டுகிறார்கள், 500 ஆர்பிஎம்முக்கு மேல் அது எண்ணுவதை விட்டுவிடும். ஆறு போல்ட் என்றால் 2,000 ஆர்பிஎம்மில் 200 பல்ஸ், பிரச்சினை இல்லை. எண்ணெய்க் குளியல், ஆடுகிற ஷாஃப்ட் என்று பார்த்தால் எங்களுக்கு ஹால்தான் தோது.

வாங்கப் போகிறவர்கள் சென்சாரைத் தனியாகவும் வாங்கலாம், பாதி விலைக்கும் குறைவாகவே வரும், இரண்டாக வாங்கி ஒன்றை ஸ்பேர் வையுங்கள். தனியாக வாங்கினால் காந்தம் பெரும்பாலும் கூட வராது, கேட்டு வாங்குங்கள். நான் வாங்கிய கடையில் கவுண்டரைத் தாண்டினால் மாற்றித் தர மாட்டோம் என்று பில்லிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள், கேட்டதற்கு ‘எலக்ட்ரானிக்ஸுக்கு கேரண்டி இல்லை சார்’ என்ற பதில்தான். ஆனால் அங்கேயே ஒரு 12 வோல்ட் அடாப்டர் வைத்திருப்பார்கள், கேட்டால் மாட்டிக் காட்டுவார்கள். பிரவுனையும் நீலத்தையும் பிடித்துக்கொண்டு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் பின்பக்கம் சிவப்பு எரிய வேண்டும், எரியாவிட்டால் காந்தத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்போதும் எரியாவிட்டால் வேறு பீஸ் கேளுங்கள்.